தம்பித்துரை கீறின சீனக் கலியாணம்

சுவிசின் மத்தர்ஹோர்ன் மலையைப் பிடுங்கி நுனியைச் சீவிப் பென்சிலாக்கினாலும், லூட்சேர்ன் ஏரித் தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் மையாக்கினாலும், எம்மன்புரூக்கே தம்பித்துரையின் பெருமையை எழுதி முடிக்க ஏலாது. உலகம் தோன்றின நாளிலிருந்து ஒரு சீனக் குடும்பத்தின் காதலையும் சாவையும் சடங்கையும் படம்படமாகக் கீறி, அதைச் சீனருக்கே வாசிக்கக் கொடுத்த யாழ்ப்பாணத்தான் அவர் ஒருவர்தான். சீனப் பெருஞ்சுவரைக் கட்டின கொத்தன்மார் இவர் போடும் நேர்கோட்டைப் பார்த்திருந்தால் வெட்கத்தில் சுவரை இடித்துவிட்டு முதலிலிருந்து கட்டியிருப்பார்கள்.

இதில் கோடு நேர் என்பது மட்டும் சுத்தமான உண்மை. மற்றதற்கு உப்பும் புளியும் சேர்த்தவள் சுமித்ரா. இதை எழுதுகிறவள் அவள்தான். தம்பித்துரையின் அக்கா மகள். மாமாவின் கோப்பிக்குள் ஒருமுறை சோயா சோஸ் ஊற்றிக் கொடுத்தவள். அவர் அதை முழுவதும் குடித்துவிட்டு, "கொஞ்சம் உப்புக் கூடிப்போச்சு பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அவருக்கு அப்போது நாக்கும் களைத்திருந்தது.

தம்பித்துரை ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞர். வயல், குளம், வேலி, ஒழுங்கை, எல்லைக்கல் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கீறுவார். எண்பத்து நாலு ஆவணியில் தில்லைநாயகியைக் கலியாணம் செய்தார். கலியாணமாகி ஏழாம் மாதம் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டார். கிழக்கு பேர்லினில் ஏஜென்சிக்காரன் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு ஆளை மட்டும் எல்லை கடத்திவிட்டான். கலியாணப் படம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. சுமித்ராவின் குடும்பம் அந்தக் கலியாணத்துக்கு முதலே சுவிசுக்கு வந்துவிட்டது. அதனால் மாமியை இங்கே கண்டவர் எவருமில்லை, மாமாவைத் தவிர.

மாமா கோப்பை கழுவப் போன இடம் லூட்சேர்னுக்குப் போகிற வழியில் இருந்த ஒரு சீனச் சாப்பாட்டுக்கடை. முதலாளி ஹொங்கொங்கிலிருந்து வந்த லாவ். வேலைக்காரர் அவரை "ஷெஃப்" என்பார்கள். அவர் மனைவி சியூஃபோங் காசு மேசையில் இருந்தார். இங்கேயே பிறந்த மகள் வைலிங் மேசைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோவாள்.

எண்பத்தேழு மார்கழியில் ஒரு கடிதம் வந்தது. தில்லைநாயகியின் தமையன் தவச்செல்வன் கொழும்புக்குப் போன யாரிடமோ கொடுத்து அனுப்பியது. ஒக்டோபரில் தில்லைநாயகி காய்ச்சலில் மோசம் போய்விட்டாள். சண்டையில் ஆஸ்பத்திரிக்குப் பாதை இல்லை. எட்டாம் நாள் செலவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் நானே செய்து முடித்துவிட்டேன். வீடு எரிந்துவிட்டது, ஒரு சாமானும் எடுக்கவில்லை. இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருந்தது.

அதற்கிடையில் மாமா அவளுக்கு ஆறு கடிதம் போட்டிருந்தார். இங்கே பனி தொடங்கிவிட்டது, சப்பாத்து வாங்கிவிட்டேன், ஏன் பதிலில்லை, கோபமோ என்று. ஆறையும் செத்தவளுக்குப் போட்டிருக்கிறார். திகதிகளைக் கலண்டரில் தேடிப் பார்த்தார். பிறகு சுமித்ராவின் தாயிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்:

"அந்தியேட்டியண்டு நான் டபிள் வேலை அக்கா. பண்டி இறைச்சி போட்ட சோறு திண்டிட்டு, ரேடியோவிலை பாட்டும் கேட்டனான்."

"தெரியாமல் செய்தது தானேடா."

"அவளுக்கும் அது தெரியாதே."

 மாமா ஒரு நாள் லீவு கேட்டு லாவிடம் மூன்று ஜெர்மன் சொல் சொன்னார். மற்ற நாள் வேலைக்குப் போய் ஒரே கோப்பையை அரை மணித்தியாலம் கழுவிக்கொண்டு நின்றார். லாவ் வந்து தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டு, ஒரு கிண்ணம் அரிசிக்கஞ்சியை முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் லாவின் மனைவியும் செத்துப்போனார். புற்றுநோய். கடை ஒரு கிழமை பூட்டியிருந்தது. திறந்தபோது லாவ் கதைப்பதை விட்டுவிட்டார். மகள் தாயைப்பற்றி எதைக் கேட்டாலும், "முட்டைக்கோவா வெட்டு" என்பார். அவள் வெட்டிக்கொண்டே அழுவாள். அந்த நாட்களில் முட்டைக்கோவா சாப்பிட வந்தவர்களுக்கு நல்ல யோகம்.

மத்தியான வேலை முடிந்து பின்னேர வேலை தொடங்குமுன் இரண்டு மணித்தியால ஓய்வு உண்டு. அந்த நேரத்தில் குசினியில் இவர்கள் இரண்டு பேரும்தான். ஒருநாள் லாவ் வெங்காயத்தாள் துப்புரவாக்கிக்கொண்டு இருந்தவர், கேளாமலே சொல்லத் தொடங்கினார். இருவருக்கும் சேர்த்து எழுபது ஜெர்மன் சொற்கள் இருந்தன. அதில் நாற்பது மரக்கறி, இறைச்சி, மீன். மிச்ச முப்பதை வைத்து ஒரு காதலைச் சொல்லி முடிப்பது கஷ்டம்.

"துறைமுகம்," என்றார் லாவ். "படகு. நான் சமையல்."

மாமா மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழே விரிக்கிற தாள். ஒரு பக்கத்தில் சீனரின் பன்னிரண்டு வருசத்துக்குரிய எலி, எருது, புலியெல்லாம் அச்சடித்திருக்கும். மறுபக்கம் வெறுமை. அதில் பென்சிலால் ஒரு துறைமுகம் கீறிக் காட்டினார்.

"இப்பிடியோ, ஷெஃப்?"

லாவ் வெங்காயத்தாள் நுனியால் தொட்டுக் காட்டினார். "இல்லை. படகு பெரிது. புகை இந்தப் பக்கம்."

மாமா அழித்துக் கீறி, கரையில் சியூஃபோங்கையும் நிறுத்தினார். பழக்கதோசத்தில் மூலையில் மையால் ஒரு வடக்குக் காட்டியும் போட்டார்.

அப்படித்தான் தொடங்கியது. கேட்பதும் கீறுவதும் லாவ் திருத்துவதுமாக ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. பக்கத்துக்கு இலக்கம் போட்டு, எல்லாப் பக்கத்திலும் வடக்குக் காட்டி. சியூஃபோங் வேலை செய்த பிளாஸ்ரிக் பூத் தொழிற்சாலைக்கும் வடக்குத் தெரியும். அவர்களின் படுக்கை அறைக்கும் வடக்குத் தெரியும். ஆம்பிளைகள் எல்லாரும் வேலிக்கட்டை மாதிரி; தொப்பியை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். பொம்பிளைகளில் லாவின் தாய் ஒரு உருண்டை. சியூஃபோங் மட்டும் உயிரோடு இருந்தாள். மாமா ஒருநாளும் முகம் கீறப் படித்தவரில்லை. அந்த ஒரு முகம் மட்டும் தானாகக் கைக்கு வந்தது.

கலியாணம் பேசின கதையைக் கேட்டபோதுதான் கடிதம் வந்ததற்குப் பிறகு மாமா முதன்முதலாகச் சிரித்தாராம். லாவ் குடும்பத்தில் ஒரு வழக்கம். பெண்ணின் பிறந்த நாள் நேரம் எழுதின தாளை மூதாதையரின் பெயர்ப்பலகைக்கு முன்னால் மூன்று நாள் வைப்பார்கள். அந்த மூன்று நாளும் வீட்டில் ஒன்றும் உடையக் கூடாது. உடைந்தால் கலியாணம் இல்லை. மூன்றாம் நாள் பின்னேரம் லாவ் ஒரு கோப்பையை உடைத்துவிட்டார். துண்டுகளைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரத்தம் வடிய வடியத் தாய்க்கு முன்னால் சோறு சாப்பிட்டார்.

"இதாலைதான் நீங்கள் கோப்பை உடைஞ்சால் ஏசுறேல்லையோ?" என்று மாமா கைப்பாசையில் கேட்டார்.

லாவ் தொடையைத் திருப்பிப் பழைய தழும்பைக் காட்டினார்.

"நானும்," என்றார் மாமா. தில்லைநாயகிக்கும் தனக்கும் சாதகம் பொருந்தவில்லை என்பதையும், தன் பிறந்த நேரத்தைப் பதினெட்டு நிமிசம் தள்ளி எழுதிச் சாத்திரியாரிடம் கொடுத்ததையும் சொல்ல முயன்றார். எல்லைக்கல்லோடு வேலை செய்தவருக்குக் கொஞ்சம் தள்ளிப் போடுவது பெரிய காரியமில்லை. ஆனால் அதைச் சொல்ல அந்த முப்பது சொல்லில் இடமில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி முள்ளைத் தள்ளிக் காட்டினார். லாவுக்கு விளங்கிவிட்டது. இரண்டு கள்ளரும் சிரித்தார்கள்.

இருபதாம் பக்கம் தேநீர்ச் சடங்கு. புதுப்பெண் முழங்காலில் இருந்து மாமியாருக்குத் தேநீர் கொடுக்க வேண்டும். சியூஃபோங் கை தவறி மாமியாரின் மடியில் ஊற்றிவிட்டாள். மாமா அதைக் கீறிக் கொடுத்தார். பெண் வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டு சிரிக்கிறாள்.

"அவள் அழுதாள்," என்றார் லாவ்.

மாமா அழிரப்பரை எடுத்தார். லாவ் அவர் கையைப் பிடித்தார். தாளை நெடுநேரம் பார்த்தார்.

"விடு," என்றார்.

முப்பத்திரண்டாம் பக்கத்தில் சியூஃபோங் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாள். வெளியே மலை, மலைக்கு மேலே வடக்கு. கதை முடிந்தது. அன்றுதான் வைலிங் முழுவதையும் முதன்முறை பார்த்தாள். குசினி வாசலில் நின்றபடியே ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். பாதியில் நிறுத்தினாள்.

"துரை, எல்லாம் வடிவாய் இருக்கு. ஆனால் இது அம்மா இல்லையே. அம்மாவுக்கு இந்தக் கண் இல்லை. மூக்கிலை ஏன் புள்ளி?"

மாமா எட்டிப் பார்த்தார். பென்சில் தவறிப் பட்டது என்று சொல்ல வாயெடுத்தார். அடுத்த பக்கத்திலும் அதே புள்ளி. அதற்கடுத்ததிலும். மூக்கின் இடப்பக்கத்தில், ஒரே இடத்தில், முப்பத்திரண்டு தடவை. தில்லைநாயகியின் மூக்குத்தி.

அரிசிச் சாக்கின் மேல் இருந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவருக்கு வேறு எண்ணமில்லை. அவளுடைய முகம் இந்தப் பூமியில் எங்கும் இல்லை. பெட்டியோடு போனது ஒன்று, வீட்டோடு எரிந்தது மற்றது. சீனக் கடையின் முப்பத்திரண்டு தாளில் மட்டும் இருக்கிறது. அந்தத் தாள்களும் அவருடையவை இல்லை. வருகிற திங்கட்கிழமை சியூஃபோங்கின் நாற்பத்தொன்பதாம் நாள். லாவ் குடும்பத்தில் அன்றைக்குத்தான் செத்தவருக்குக் கடைசியாகச் சாமான் அனுப்புவது. கடதாசி உடுப்பு, கடதாசி வீடு, பொன் தாள், வெள்ளித் தாள் எல்லாவற்றையும் எரிப்பார்கள். எரிந்தால்தான் அந்தப் பக்கத்தில் கையில் கிடைக்கும். ஹொங்கொங்கிலிருந்து வரவேண்டிய பார்சல் வரவில்லை. லாவ் முதலே சொல்லியிருந்தார்: அவளுக்கு அனுப்ப இந்தப் புத்தகம் இருக்கிறது, அது போதும்.

மாமா வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளில் அந்த முகத்தைத் திரும்பக் கீறப் பார்த்தார். வரவில்லை. தெரிந்துகொண்டு கீறியபோது கை வேலிக்கட்டையைத்தான் கீறியது. நாலு தாள் கிழித்துப் போட்டார். வைலிங் நாலைந்து பக்கத்தைக் கொண்டுபோய்க் கொப்பியெடுக்கும் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தாள். பென்சில் கோடு மெல்லிசு; ஒன்றும் விழவில்லை. ஒவ்வொரு தாளிலும் மையால் கீறின வடக்குக் காட்டி மட்டும் கறுப்பாக வந்திருந்தது.

"ஷெஃப்பிட்டை ஒண்டு கேளன்ரா," என்றாள் சுமித்ராவின் தாய்.

"மனுசியைச் சாகக் குடுத்த ஆளிட்டைப் போய், உன்ரை மனுசிக்கு அனுப்பிறதைத் தா எண்டு கேக்கிறதோ? போ அக்கா."

திங்கட்கிழமை கடை பூட்டு. லாவ் மாமாவின் குடும்பத்தையும் வரச் சொல்லியிருந்தார். கடையின் பின் முற்றத்தில் பனி கரைந்தும் கரையாமலும் கிடந்தது. ஒரு பெரிய எண்ணெய்த் தகரத்தில் நெருப்பு. பக்கத்தில் சியூஃபோங்கின் படம், தோடம்பழம், அவித்த கோழி. சுமித்ராவுக்குக் கொடுத்த வேலை தாள்களைக் காற்று கொண்டுபோகாமல் பிடித்துக்கொண்டு நிற்பது. அவள் நல்ல பிள்ளையாக நின்றாள். இது அவளுக்கு வழக்கமில்லை என்பதை யாராவது கவனித்திருக்க வேண்டும்.

புகை எழும்பியதும் இரண்டாம் மாடி யன்னல் திறந்தது. ஒரு சுவிஸ் கிழவி தலையை நீட்டினாள்.

"என்ன நடக்குது அங்கை?"

"கிரில் போடுறம்!" என்று கத்தினாள் வைலிங்.

"பனிக்குள்ளையோ?"

"கோழி!" என்று அவித்த கோழியைத் தூக்கிக் காட்டினாள். கிழவி கோழியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். யன்னலைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

லாவ் சுமித்ராவின் கையிலிருந்து தாள்களை வாங்கி நேரே மாமாவிடம் நீட்டினார்.

"நீ சொல்," என்றார்.

மாமாவுக்கு விளங்கவில்லை. "ஷெஃப், இது உங்கடை..."

"என் கதை. என் படகு. என் கோப்பை." லாவ் முதல் தாளிலிருந்த பெண்ணின் முகத்தைச் சுட்டினார். "இது உன் ஃப்ராவ், உன் மனைவி. எனக்கு முதல் நாளே தெரியும்."

"ஏன் அப்ப சொல்லேல்லை?"

லாவ் சொற்களைத் தேடினார். மரக்கறிப் பெயர்தான் வந்திருக்கும். கடைசியில், "நீ நன்றாய் வரைந்தாய்," என்றார். பிறகு, "நிறுத்திவிடுவாய் என்று பயம்," என்றார்.

காற்று தாள்களைப் புரட்டியது. மாமா இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தார். கொண்டுபோ என்று லாவ் சொல்லாமல் சொல்லிவிட்டார். அப்படியே மடித்து உடுப்புக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், ஒருவரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். மாமா நெருப்பைப் பார்த்தார். எட்டுக்கு நிற்கவில்லை. அந்தியேட்டிக்கு நிற்கவில்லை. கொள்ளி யார் வைத்தார்கள் என்றுகூடக் கேட்டு எழுதவில்லை. ஆறு கடிதம் போட்டார். ஒன்றும் போய்ச் சேரவில்லை.

"எரிச்சால் போய்ச் சேருமோ ஷெஃப்? வடிவாத் தெரியுமோ?"

"பெயர் எழுத வேணும். ஊர் எழுத வேணும். இல்லாவிட்டால் வேறு ஆள் எடுப்பான். அங்கேயும் கள்ளர்."

லாவ் ஒரு மஞ்சள் கடித உறையில் சீனத்தில் மனைவியின் பெயரை மேலிருந்து கீழே எழுதினார். பேனையை மாமாவிடம் கொடுத்தார். மாமா பக்கத்தில் இடமிருந்து வலமாக எழுதினார்: தில்லைநாயகி தம்பித்துரை, அம்மன் கோயிலடி, சண்டிலிப்பாய். கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுதினவர் விலாசத்தையும் பின்னால் எழுதினார். கடிதம் போய்ச் சேராமல் பழகினவர்.

"இரண்டு பேரும் ஒரு புத்தகத்தை எப்பிடி வாசிக்கிறது?" என்று வைலிங் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"மாறி மாறி," என்றார் லாவ். "அங்கே நிறைய நேரம்."

உறையை முதலில் போட்டார்கள். பிறகு மாமா ஒவ்வொரு தாளாகப் போட்டார். துறைமுகம் போனது. பூத் தொழிற்சாலை போனது. கோப்பை உடைந்த பக்கத்தை லாவ் தன் கையால் போட்டார். ஒவ்வொன்றிலும் முதலில் எலியும் புலியும் கருகி, அதற்குப் பிறகுதான் முகம் கருகியது. மாமா கண்ணை எடுக்கவில்லை. கடைசித் தாள் போனதும் கையைத் தட்டிக்கொண்டு, "சரி," என்றார். ஒரு நாள் வேலை முடித்த ஆள் மாதிரி. லாவ் கோழியை வெட்டினார். எல்லாரும் நின்றபடியே சாப்பிட்டார்கள். மாமா அன்றைக்கு இறைச்சி தொடவில்லை. தோடம்பழம் மட்டும் தின்றார்.

பஸ்ஸில் எம்மன்புரூக்கேக்குத் திரும்பும்போது சுமித்ராவின் தாய் முன் சீற்றில் நித்திரை. மாமா யன்னலோரம் இருந்தார். பக்கத்தில் சுமித்ரா, ஜாக்கெட்டின் கழுத்துவரை சிப்பை இழுத்துவிட்டு, கம்பு விழுங்கினவள் மாதிரி நிமிர்ந்து இருந்தாள்.

"வேர்க்கேல்லையோ பிள்ளை?"

"இல்லை மாமா. குளிருது."

"ம்." மாமா வெளியே பார்த்தார். இரண்டு தரிப்பிடம் போனது. "மாமியைப்பற்றி என்ன எழுதுறாய் கொப்பியிலை? அக்கா சொன்னவ."

"உங்களைப்பற்றி மாமா. உலகத்திலையே பெரிய ஆள் எண்டு."

"பொய் எழுதாதை."

"கொஞ்சம்தான்."

"முப்பத்தொரு தாள் போட்டனான் நெருப்பிலை," என்றார் மாமா, யன்னலைப் பார்த்தபடியே.

சுமித்ரா ஜாக்கெட்டின் முன்பக்கத்தைக் கையால் அமத்திக்கொண்டாள்.

"பக்கத்துக்கு இலக்கம் போட்ட ஆள் நான். பத்தொன்பது போட்டனான். அடுத்தது இருபத்தொண்டு கையிலை வந்தது."

"காத்து கொண்டுபோயிருக்கும் மாமா. ஒண்டு தானே. அங்கை வாசிக்கிறவைக்குக் கதை விளங்காதே போகும்?"

"அவள் சிரிக்கிற பக்கம்."

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. சுமித்ரா வாயைத் திறந்தாள். எத்தனையோ பேரை ஏமாற்றின வாய். ஒரு பொய்யும் வரவில்லை. மாமா திரும்பி அவளுடைய ஜாக்கெட்டைப் பார்த்தார். வாங்கக் கையை நீட்டவில்லை.

"பெரிய தாளெல்லோ அது," என்றார். "எடி, மடிச்சனியோ? முகத்துக்கு மேலை மடிப்பு விழுந்திருக்கோ, பார்."